பல்பகுதியப் படலத்தில் மின்னின் நடை

மின்கம்பியைத் தொட்டவருக்கு அதிர்ச்சி ஏற்படாதிருப்பது அதன்மேல் இட்ட பிளாஸ்ரிக் உறையினாலாகும். மின்னைத் தடுத்து நிறுத்துவதே பிளாஸ்ரிக்கின் தொழில் என்பது பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்தி. அவ்வாறிருக்க, அதே இனத்துப் பொருளொன்றைத் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்திலொரு பங்கான மென்படலமாகப் பூசி, அதனூடே மின்னேற்றத்தைச் செலுத்தி, விளக்கும் சூரியக்கலமும் திரான்சிற்றரும் ஆக்குகின்றனர் எனின், அஃது எவ்வாறு இயலும்?

காபன் அணு ஒவ்வொன்றும் பிணைப்புக்கென நான்கு இலத்திரன்களை உடையது. பொலித்தீனில் அந்நான்கும் அயலணுக்களை இறுகப் பற்றுவதிற் செலவாகிவிடுகின்றன. நடமாடுதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. பொலிஅசற்றிலீன் என்னும் பல்பகுதியத்திலோ சங்கிலி நெடுக ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அங்கே ஒவ்வொரு காபனின் நான்காவது இலத்திரனும் தன் அணுவோடு மட்டும் கட்டுண்டிராது சங்கிலி வழியே பரந்து நிற்கிறது. ஆயினும் பரந்து நிற்றல் வேறு, ஓடுதல் வேறு. இருக்கைகள் யாவும் நிரம்பிய மண்டபத்தில் ஒருவர் எழுந்து போனாலன்றி மற்றவர் இடம் மாற இயலாது. இங்கும் ஓர் இலத்திரன் அகன்றாற்றான் மற்றவற்றுக்கு வழி பிறக்கும்.

அவ்வழி பிறந்த வரலாற்றிற் சிறிது வேடிக்கையும் உண்டு. 1960களின் பிற்பகுதியில், தோக்கியோவில் ஹிதெக்கி சிரக்காவாவின் ஆய்வுகூடத்தில், ஊக்கியை வேண்டிய அளவிலும் ஆயிரம் மடங்கு மிகையாக ஒருவர் சேர்த்துவிட்டார். கருந்தூளாக வரவேண்டிய பொலிஅசற்றிலீன் வெள்ளி போல மினுங்கும் படலமாக வந்தது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அலன் மக்டியார்மிட், அலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து அப்படலத்தை அயடீன் ஆவியிற் பிடித்தபோது, அயடீன் சங்கிலியிலிருந்து இலத்திரன்களைக் கவர்ந்தது. கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் வெளியான இவ்வாய்வுக்காக மூவரும் 2000ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு பெற்றனர்.

இச்செய்தியைக் கேட்டுப் ‘பிளாஸ்ரிக் உலோகமாயிற்று’ என்று எழுதுவோர் பாதியையே சொல்கின்றனர். உலோகத்துள் மின் செல்லும் முறை வேறு; பல்பகுதியப் படலத்துள் அது செல்லும் முறை வேறு.

படலம் என்பது ஒரு தனிச் சங்கிலியன்று. தட்டிற் பிழிந்த இடியப்பத்தை நினைத்துக்கொண்டால் அதன் அமைப்பு ஒருவாறு விளங்கும். இழைகள் வளைந்தும் நெளிந்தும், சில இடங்களில் ஒன்றையொன்று ஒட்டியும் சில இடங்களில் விலகியும் கிடக்கின்றன. ஓர் இழையின்மேல் எறும்பொன்று விரைவாக ஊரும். இழை முடிந்ததும் பக்கத்து இழைக்குத் தாவவேண்டும். மின்னேற்றத்தின் பயணமும் இத்தகையதே. சங்கிலி வழியே அதற்கு ஓட்டம். சங்கிலிக்குச் சங்கிலி பாய்ச்சல். பயணத்துக்காகும் நேரத்தைத் தீர்மானிப்பது ஓட்டமன்று, பாய்ச்சலே. மேலும், மின்னேற்றம் அமரும் இடத்திற் சுற்றியுள்ள பிணைப்புகள் சற்றே நீண்டும் குறுகியும் வளைந்துகொடுக்கின்றன. அவ்வளைவையும் அது தன்னுடன் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இக்கூட்டுப் பொதிக்குப் போலரன் என்று பெயர்.

இது வெறும் உவமையன்று என்பதற்கு வெப்பமே சான்று. செப்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை ஏறும். இத்தகைய படலங்கள் பெரும்பாலனவற்றைச் சூடாக்கினாலோ மின்னேற்றம் முன்னிலும் எளிதாகச் செல்லும். ஏனெனில் வெப்பத்தினால் அதிரும் அணுக்கள் பாய்வதற்கு வேண்டிய உந்துதலை அளிக்கின்றன. எனினும் வேகத்தில் இது சிலிக்கனுக்கு ஈடாகாது. ஒரு சதமமீற்றருக்கு ஓர் உவோற்று என்னும் மின்புலத்தில், தூய சிலிக்கன் பளிங்கில் இலத்திரன் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். பொலிதயோபீன் வகைப் படலத்தில், நன்கமைந்தவற்றிலும், மின்னேற்றம் செல்வது ஒரு மில்லிமீற்றர் அளவே.

அந்த ‘நன்கமைந்த’ என்னும் சொல்லிற்றான் காரியம் முழுவதும் தங்கியுள்ளது. பல்பகுதியத்தைக் கரைப்பானிற் கரைத்து, சுழலும் தட்டின்மேல் ஊற்றி உலரவிடுவர். கரைவதற்கென இரசாயனர் சங்கிலியின் இருமருங்கும் பக்கக்கிளைகளை ஒட்டுகின்றனர். அவையோ மின்னைக் கடத்தா. ஆகவே சங்கிலிகளின் தட்டையான முகங்கள் அடுக்கிய அட்டைகள் போல ஒன்றோடொன்று பொருந்தும் திசையிற் பாய்வது எளிது; பக்கக்கிளைகளைக் கடக்கும் திசையில் அரிது. 1999இல் கேம்பிறிட்ச் ஆய்வாளர், ஒரே வகைப் பல்பகுதியத்தில் அடுக்கின் திசை மாறியமையால் மட்டும் இயங்குதிறன் நூறு மடங்குக்கு மேல் வேறுபடுவதைக் காட்டினர். திரான்சிற்றரில் மின் படலத்தின் நெடுக ஓடுவது. சூரியக்கலத்தில் அதன் பருமனூடே ஓடுவது. ஒன்றுக்கு உகந்த அடுக்கு மற்றதற்கு ஆகாது.

அப்படியாயின் ஒழுங்கு மிகுந்த பளிங்குப் படலமே சிறந்ததென எண்ணத் தோன்றும். பலர் அவ்வாறே எண்ணியிருந்தனர். 2003இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த அளவீடுகள் அதனைக் கவிழ்த்தன. குட்டைச் சங்கிலிகளாலான படலம் ஒழுங்கு மிகுந்ததாகவும், நெட்டைச் சங்கிலிகளாலானது ஒழுங்கு குறைந்ததாகவும் காணப்பட்டன. எனினும் நெட்டையானதிலேயே மின்னேற்றம் ஆயிரம் மடங்குக்கு மேல் இலகுவாகச் சென்றது. குட்டைச் சங்கிலிப் பளிங்குகள் தனித்தனித் தீவுகள். நெட்டைச் சங்கிலியோ ஒரு தீவிலிருந்து மறுதீவுக்குப் பாலமாக நீண்டு கிடப்பது.

இதன்பின் இரசாயனரின் நோக்கம் மாறியது. பளிங்கை வளர்ப்பதிலும் முறுகாத சங்கிலியை ஆக்குவதே பயன்தரும் எனப் பலர் கருதலாயினர். ஏனெனிற் சங்கிலி முறுகுமிடத்தில் நான்காவது இலத்திரன்களின் பரவல் அறுபட்டு, மின்னேற்றம் குழியில் வீழ்ந்ததுபோலச் சிக்கிக்கொள்ளும். 2014இற் கேம்பிறிட்சிலிருந்து வெளியான ஆய்வொன்று, ஒழுங்கற்றதாகவே தோன்றும் ஒரு படலத்திலும் முதுகெலும்பு முறுகாதிருக்கும் வகையில் ஆக்கப்பட்ட பல்பகுதியத்தை ஆராய்ந்தது. அதில் மின்னேற்றம் சிக்கும் குழிகள் மிகச் சிலவே காணப்பட்டன. இடியப்பம் சிக்கலாகவே கிடந்தது. இழைகள் மட்டும் நேராயிருந்தன.