தாய்வீடும் முகாமே

ஒட்டன்சத்திரத்திற்கு அருகே, பழனி செல்லும் சாலையில் விருப்பாச்சி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1772-ல் போரில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், தம் சிறு மகள் வெள்ளச்சியுடன் அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார் என்பதை நேயர்கள் அறிவார்கள். நாடிழந்து வந்த தாயையும் சேயையும் ஆதரித்த பெருமை இந்த ஜில்லாவுக்கு உண்டு.

1983 முதல் இலங்கையிலிருந்து வந்த நம் சகோதரர்களும் இந்த ஜில்லாவில் வாழ்கிறார்கள். 2021-ல் சர்க்கார் அகதி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயரிட்டனர். 2022-ல் தோட்டனூத்தில் 321 வீடுகளைக் கட்டிக் கொடுத்தனர். இவற்றை மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் அவ்வீடுகளில் தொட்டிலாட்டும் தாயின் மனத்தைப் பற்றி எவரேனும் விசாரித்தனரா?

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். முகாமிலே பிறந்து முகாமிலே மணந்தவளுக்குத் தாய்வீடும் முகாமே. அவளைத் தேற்ற வேண்டிய அன்னையோ யுத்தத்தின் துயரத்தை நெஞ்சில் சுமப்பவள். போதாக்குறைக்குச் சட்டமும் சேர்கிறது. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இல்லாவிடில், பிறப்பினால் பிரஜையாகாது. பாலூட்டும்போதே பிள்ளையின் நாடு எது என்று கலங்கும் தாய்க்கு உறக்கம் எங்கிருந்து வரும்?

பிரசவித்த தாய்மாரில் உலகெங்கும் நூற்றுக்குச் சுமார் 13 பேர் மனநோய்க்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இத்தொகை 20-ஐ நெருங்குகிறது. தாயின் சோர்வு சிசுவின் வளர்ச்சியையும் பாதிக்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பாகிஸ்தானத்து ராவல்பிண்டிப் பகுதியில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் பேசித் தேற்றும் முறையைக் கிராம சுகாதார ஊழியப் பெண்களுக்குக் கற்பித்தனர். குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில், அவர்கள் கவனித்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே சோர்வு நீடித்தது; மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. 2008-ல் வெளியான இம்முடிவு, டாக்டர்கள் குறைந்த இடத்திலும் இது சாத்தியம் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே முகாம் பெண்களையே தேர்ந்து, பயிற்சியும் ஊதியமும் அளித்து, கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்புமாறு ஜில்லா மனநல அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பிரஜா உரிமை வழங்குவது டில்லியின் கடமை. அதுவரை இத்தாய்மாருக்குத் தாய்வீடாக இருப்பது நம் கடமை. விருப்பாச்சி காட்டிய வழி அதுவே.