உரோமர் காசும் தமிழர் தராசும்

மணம் பேசும் வீடுகளில் 'எத்தனை பவுன்?' என்னும் வினா எழாமல் இருப்பதில்லை. தேவதானத்துத் திண்ணையாயினும் இராசபாளையத்து நகைக்கடையாயினும், பவுன் என்றால் எட்டுக் கிராம் எடை என்றே நாம் கொள்கிறோம். பவுன் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பொன் நாணயம் என்பதையும், அதன் ஒரு புறத்தில் அந்நாட்டு அரசரின் தலை பொறிக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைப்போர் மிகச் சிலரே. அயலார் காசு நம் மண்ணுக்கு வந்து, தலையை இழந்து, எடையாக மட்டும் எஞ்சிவிட்டது. இதே நிலை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோமர் காசுக்கும் நேர்ந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

உரோமரின் பொற்காசு 'அவுரியஸ்' எனப்பட்டது. ஒரு பொற்காசு 25 வெள்ளித் தெனாரியசுக்கும், ஒரு தெனாரியஸ் 4 செஸ்டர்சுக்கும் ஈடாகும். அகஸ்டஸ் காலத்து அவுரியசின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், நம் பவுனுக்கு மிக நெருங்கிய எடை! கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று வருந்தி எழுதினார். கணக்கிட்டுப் பார்த்தால் அது 5 இலட்சம் பொற்காசு. பிளினியின் வருத்தத்தில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் செய்தி பொய்யன்று. யவனர் மரக்கலம் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் செல்லும் முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. கொடுத்தவர் புலம்பலையும் பெற்றவர் பெருமிதத்தையும் ஒருசேர அறியும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. உரோமப் பொற்காசுகள் கிடைத்த ஊர்களின் வரிசையில், இராசபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியிலுள்ள கரிவலம்வந்தநல்லூரும் உண்டு.

வந்த காசைத் தமிழர் எவ்வாறு மதித்தனர்? கி.பி. 64இல் நீரோ மன்னன் காசுகளின் எடையைக் குறைத்து, வெள்ளியில் கலப்பையும் கூட்டினான். உரோம நாட்டில் பேரரசனின் தலையும் பெயரும் காசுக்குப் பிணையாக நின்றமையால், அங்கு அக்காசு செல்லுபடியாயிற்று. இங்கோ கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் தரமான வெள்ளிக் காசுகளே மிகுதி. நீரோவின் மாற்றத்திற்குப் பிந்தைய வெள்ளி மிக அரிது. நம் வணிகர் இலத்தீன் எழுத்தைப் படித்தறிந்தார்களோ இல்லையோ, மாற்றுக் குறைந்ததை அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

இதனினும் வியப்பானது புதுக்கோட்டைப் புதையல். 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் காலத்தால் பிந்தியவை வெஸ்பாசியனுடையவை, எனவே கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியையொட்டிப் புதைக்கப்பட்டவை எனலாம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்த வெட்டு என்பர் சிலர். சோதனைதான் நோக்கமெனில் எங்கு வெட்டினாலும் போதுமே! நூற்றுக்கணக்கான காசுகளில் முகத்தையே தேடி வெட்டுவானேன்? 'இது இனிக் காசன்று, வெறும் பொன்' என்று அறிவிக்கும் அடையாளமே அவ்வெட்டு என்னும் கருத்தே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. உரோமில் வணங்கப்பட்ட முகம், இங்கே தட்டானின் உளிக்குத் தப்பவில்லை.

இதனால் தமிழர்க்கு முகம் பொறித்த காசே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசொன்றில், உரோமக் காசின் பாணியில் ஒரு தலையும், அதன்மேல் தமிழ்-பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்னும் பெயரும் உள்ளன. சீசரின் முகம் இங்கே பிணையாகவில்லை. தன் முகம் பிணையாகும் என்று சேரன் துணிந்தான் போலும்.

தெனாரியஸ் என்னும் பெயரும் நெடுந்தொலைவு பயணம் செய்தது. அதுவே அரபியில் 'தீனார்' ஆயிற்று. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட தீனாரில் உருவம் முற்றிலும் நீங்கி, எழுத்து மட்டுமே இடம்பெற்றது. அங்கு முகத்தை நீக்கியது உளியன்று, அச்சு.

பொன்னும் வெள்ளியும் இவ்வாறிருக்க, கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் செப்புக் காசுகள் மதுரையிலும் கரூரிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மிகச் சிறியவை, பல கைகளில் புழங்கித் தேய்ந்தவை. உருக்கினால் பயன் தராத இச்செம்பை எவரும் நிறுத்து வாங்கியிருக்க மாட்டார். மதுரைக் கடைத்தெருவில் கீரைக்கும் உப்புக்கும் சில்லறையாக அவை எண்ணித் தரப்பட்டிருக்க வேண்டும். உளிக்குத் தப்பிய உரோம முகங்கள் அச்சில்லறையில்தான் தேய்ந்து மறைந்தன.