கூரையில் தொங்கிய முகில்கள்

கூட்ட மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பிரசங்கம் கேட்ட அநுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. பேச்சாளரின் வாய் அசைகிறது, கை உயர்கிறது, முன்வரிசையில் இருப்போர் சிரிக்கின்றனர். நமக்கோ வெறும் முழக்கமே வந்து சேர்கிறது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது. "என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோம். அவரும் அதையே நம்மிடம் கேட்க இருந்தவர். பேச்சாளருக்குத் தொண்டை போதாது என்று குறை கூறிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

உரத்துப் பேசினால் இக்குறை தீர்ந்துவிடுமா? மண்டபம் குழப்பிவிடும் சொல்லை உரத்துச் சொன்னால் குழப்பமும் உரத்தே கேட்கும். ஒலிபெருக்கி வைத்தாலும் பல வேளைகளில் இதே கதைதான். குற்றத்தின் பெரும்பங்கு நாம் அண்ணாந்து பாராத கூரையில் இருக்கிறது. அக்கூரையின் கீழே பலகைகளைத் தொங்கவிட்டு அக்குற்றத்தைத் தீர்க்க முயலும் கலை ஒன்று உண்டு. அக்கலையின் வரலாற்றில் ஓர் அழகிய வெற்றியும், உலகம் அறிந்த தோல்வியொன்றும் இருக்கின்றன. இரண்டிலும் ஆலோசகராய் நின்றவர்கள் ஒரே நிறுவனத்தார் என்பதே இக்கதையின் சுவை.

மெத்தைகளோடு ஒரு விஞ்ஞானி

கதை 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் சர்வகலாசாலையில் தொடங்குகிறது. அங்கே புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றில் விரிவுரை எதுவும் விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும் பணி வாலஸ் சபீன் என்ற பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 27. அம்மண்டபத்தில் எழுப்பிய ஓசை அடங்க ஏறக்குறைய ஐந்தரைச் செக்கன் சென்றது. அந்நேரத்தில் ஒருவர் முழு வாக்கியம் ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம். வாக்கியத்தின் முதற்சொல் சாகுமுன் கடைசிச் சொல் பிறந்துவிடுகிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து மோதுகின்றன.

சபீன் ஊர் அடங்கிய இரவுகளில் வேலை செய்தார். பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாய்ப் பரப்பி, ஓர் ஓர்கன் குழலை ஊதச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தைத் தம் செவியாலும் கடிகையாலும் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. மண்டபத்தின் கன அளவு கூடினால் ஒலி அடங்கும் நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்புக் கூடினால் அந்நேரம் குறையும். இந்த எளிய விதி, மண்டபம் கட்டுவதைக் குருட்டு அதிட்டத்தினின்றும் மீட்டு விஞ்ஞானமாக்கியது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பனி மண்டபம் சபீனின் ஆலோசனையில் எழுந்தது. இன்றும் உலகின் தலைசிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

ஒலி உறிஞ்சலை அளக்கச் சபீன் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல். யன்னலின் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே அது முழு உறிஞ்சல். யன்னல்கள் விரியத் திறந்த நம் நாட்டு மண்டபங்களுக்கு இது ஒரு நல்ல செய்தி. ஆனால் கூரைக்கு யன்னல் இல்லையே!

காது பொறுக்கும் எல்லை

ஒலி அடங்கும் நேரம் ஒன்றே போதிய அளவுகோல் அன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. கூரையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து வரும் ஒலி எப்போதும் பகையாவதில்லை. ஜேர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் நிறைவேற்றிய ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. நேரே வரும் பேச்சொலியை அடுத்து, ஏறக்குறைய செக்கனில் இருபதிலொரு பங்குக்குள் வந்து சேரும் தெறிப்பைக் காது தனி ஒலியாகக் கொள்வதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து அதற்கு வலுவாக்கிக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டி வலுவோடு வருவதோ குழப்பமாகவும் எதிரொலியாகவும் படுகிறது.

ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 1,130 அடி செல்லும். இருபதில் ஒரு செக்கனில் 56 அடி. ஆகவே, கூரையைத் தொட்டுவரும் வழி நேர்வழியைவிட 56 அடிக்குள் நீண்டதாயின் கூரை நண்பன். அதற்கு மேல் மிக நீண்டால் பகைவன்.

இலண்டனில் 1871இல் திறக்கப்பட்ட அல்பேர்ட் மண்டபம் இதற்கு நல்ல சான்று. அதன் குவிமாடம் 135 அடி உயரத்தில் நிற்கிறது. மேடையில் எழுந்த ஒலி அங்கே போய் மீள்வதற்குள் ஐந்தில் ஒரு செக்கனளவு கழிந்துவிடும். போதாக்குறைக்கு உட்குழிந்த மாடம் ஒலியை ஓரிடத்திற் குவித்தும் அனுப்பிற்று. திறப்பு விழாவில் வேல்ஸ் இளவரசர் நிகழ்த்திய உரையே எதிரொலித்தது. அம்மண்டபத்தில் நுழைவுச்சீட்டு ஒன்றுக்குக் கச்சேரி இரண்டு என்று கேலி பேசுமளவுக்கு அக்குறை பிரசித்தம் பெற்றது. துணிவிதானம் கட்டிப் பார்த்தனர். 1949இல் மாடத்தின் கீழ் அலுமினியத் தகடுகளைப் பொருத்தினர். ஈற்றில் 1969இல் கண்ணாடியிழையாற் செய்த 135 வட்டத் தட்டுக்களை மாடத்தின் கீழே தொங்கவிட்ட பின்பே எதிரொலி பெரிதும் அடங்கிற்று. இலண்டன் மக்கள் அவற்றைக் காளான்கள் என்பர். 2001இல் அவை 85 ஆகக் குறைக்கப்பட்டன.

தொங்கும் பலகையின் தொழிலை இங்கே காண்கிறோம். உயரத்துக் கூரைக்கு ஒலி போய் மீள்வதற்கு முன்பே அதை இடைமறித்துக் கேட்போரிடம் திருப்பிவிட வேண்டும். அன்றேல் உறிஞ்சிவிட வேண்டும். திருப்பும் பலகை கனமாகவும் கடினமாகவும் இருக்கும். உறிஞ்சும் பலகை நுண்டுளைகள் நிறைந்து மென்மையாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் மருந்தே நஞ்சாகும். பலகை சரியான கோணத்தில் நிற்கிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. பலகை இருக்குமிடத்தில் முகக்கண்ணாடி ஒன்றை வைத்ததாகக் கொள்க. உமது ஆசனத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அதிலே பேச்சாளரின் முகம் தெரியுமாயின் அவரது சொல்லும் அவ்வழியே உம்மை வந்தடையும். பலகையின் முகம் சற்றே புறங்குவிந்திருப்பின் ஒலி பல வரிசைகளுக்கும் பரவும்.

கராக்காஸ் நகரத்து முகில்கள்

வெனிசுவேலா நாட்டின் தலைநகரான கராக்காஸில் மத்திய சர்வகலாசாலைக்குப் புதிய வளாகம் எழுந்துகொண்டிருந்த காலம். கட்டடக் கலைஞர் கார்லோஸ் ராவுல் வில்லனுவேவா, ஏறக்குறைய 2,700 பேர் இருக்கக்கூடிய பெருமண்டபம் ஒன்றை விசிறி வடிவில் அமைத்தார். விசிறி வடிவம் கண்ணுக்கு நன்று. எல்லோருக்கும் மேடை தெரியும். காதுக்கோ அது தீது. விரிந்து செல்லும் பக்கச் சுவர்கள் ஒலியைப் பின்புறத்துக்கே தள்ளிவிடும்; நடுவில் இருப்போருக்கு உதவிக்கு வரும் தெறிப்புக் குறைவு.

ஒலியியல் ஆலோசகராக வந்தவர் அமெரிக்கரான ரொபேர்ட் நியூமன். தெறிப்புப் பலகைகளை மண்டபத்துள் தொங்கவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அதே வளாகத்துக்குச் சிற்பம் செய்ய அழைக்கப்பட்டிருந்தவர், காற்றில் அசையும் சிற்பங்களால் உலகப்புகழ் பெற்ற அலெக்சாந்தர் கால்டர். அவருக்கு வெளிமுற்றத்துச் சிற்பத்தில் மனம் நிறையவில்லை. மண்டபத்தின் உள்ளேயே தம் கைவண்ணம் இருக்க வேண்டும் என்றார். விஞ்ஞானி கேட்ட பலகைக்குச் சிற்பி வடிவம் கொடுத்தார். சிறிதும் பெரிதுமாய், பல நிறங்களில், முகிற்கூட்டம் போன்ற 31 பலகைகள் உருவாயின. 22 மேலே தொங்கின. எஞ்சியவை பக்கச் சுவர்களிற் பொருந்தின. 1953இல் வேலை முடிந்தது.

அங்கே அழகு வேறு, பயன் வேறு என்று பிரிக்க ஒருவராலும் இயலாது. முகிலை அகற்றினால் மண்டபத்தின் அழகும் போகும், கேள்வியும் போகும். எழுபது ஆண்டுகள் கடந்தும் அவை அங்கேயே தொங்குகின்றன. 2000ஆம் ஆண்டில் அவ்வளாகம் உலக மரபுரிமைச் சொத்துக்களுள் ஒன்றாயிற்று.

நியூயோர்க்கில் பொய்த்த மழை

நியூமனின் பங்காளி லியோ பெரனெக். அவர் உலகின் 54 இசைமண்டபங்களை ஆராய்ந்து 1962இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். 1959இல் டாங்கிள்வூட் என்னுமிடத்தில், ஆயிரக்கணக்கானோர் இருந்து இசை கேட்கும் திறந்த பந்தலொன்றில், இந்நிறுவனத்தார் மேடைமீது முக்கோணப் பலகைகளைத் தொங்கவிட்டுப் பெரும் பாராட்டுப் பெற்றனர். ஆகவே நியூயோர்க்கின் பில்ஹார்மொனிக் மண்டபத்துக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு வந்தபோது, பெரனெக்கைவிடத் தகுதியானவர் எவர் என்று ஐயுற இடமிருக்கவில்லை.

பெரனெக் முதலில் விரும்பியது பொஸ்டன் மண்டபம் போன்ற நீள்சதுரம், ஆசனங்கள் 2,400. ஆசனம் போதாது என்று நகரிற் கிளர்ச்சி எழுந்தது. வரைபடம் மாறியது. பக்கங்கள் வளைந்தன; ஆசனங்கள் 2,600ஐத் தாண்டின. இடையிலே தொங்கவிட்ட 136 அறுகோண முகில்கள் எல்லாவற்றையும் சரிக்கட்டும் என்று நம்பினர். 1962 செப்தெம்பர் 23ஆம் நாள், லெனார்ட் பேண்ஸ்டைன் வாத்தியக் குழுவை நடத்த, நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் பார்த்திருக்க, மண்டபம் திறக்கப்பட்டது.

விமர்சகர்கள் கடுமையாகக் கண்டித்தனர். தாழ்ந்த சுரங்கள் கேட்கவில்லை, எதிரொலி வருகிறது, மேடையில் வாசிப்பவர்க்கே பக்கத்து வாத்தியம் கேட்கவில்லை என்பன குற்றச்சாட்டுக்கள். முகில் இருந்தும் மழை பொய்த்தது.

ஏன்? காரணத்தைப் பௌதிகம் பின்னர் காட்டிற்று. அலை பெரிதாகவும் பலகை சிறிதாகவும் இருந்தால் அலை பலகையைச் சுற்றிக்கொண்டு போய்விடும், தெறியாது. பேச்சுக்குத் தெளிவு தருபவை க, ச, த, ப போன்ற மெய்கள். அவற்றின் நுட்பமான உயர் மீடிறன் ஒலிகளின் அலைநீளம் சில அங்குலமே. டபிள் பேஸ் என்னும் பெருவயலினின் மிகத் தாழ்ந்த சுரத்தின் அலைநீளமோ ஏறக்குறைய 27 அடி. முகில்கள் வயலினின் கீச்சொலியைத் திருப்பின. பெருவயலினின் நாதத்தை நழுவவிட்டன. அத்தோடு, ஆசன வரிசைகளின்மேல் உராய்ந்து செல்லும் நேரொலி தாழ்ந்த சுரங்களை வழியிலேயே இழந்துவிடுகிறது என்ற உண்மையும் இம்மண்டபத்தின் சோதனைகளையொட்டி 1964 அளவில் வெளிப்பட்டது. கட்டிய காலத்தில் அதை அறிந்தவர் இலர்.

கராக்காஸில் வென்ற உபாயம் நியூயோர்க்கில் தோற்றதன் மர்மமும் இதில் ஓரளவு விளங்கும். கராக்காஸ் மண்டபம் முதன்மையாகச் சொல்லுக்கென அமைந்தது. முகில்கள் சொல்லைச் சுமக்க வல்லவை. நியூயோர்க் மண்டபம் முழு வாத்தியக் குழுவுக்கென அமைந்தது; அங்கே அடிநாதம் இன்றி மேல்நாதம் மட்டும் வந்தால், மிருதங்கத்தின் தொப்பியைக் கழற்றிவிட்டு வலந்தலையை மட்டும் வாசித்தது போலாகும்.

பலமுறை திருத்தினர், முகில்கள் யாவும் அகற்றப்பட்டன. 1976இல் உள்மண்டபம் முழுவதும் இடித்து மீளக் கட்டப்பட்டது. அதுவும் மனநிறைவு தரவில்லை. 2022இல் மீண்டும் ஒரு புதிய உள்மண்டபம் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று மண்டபங்கள்!

தோல்விக்குப் பின்

பழி பெரனெக்கின் தலையில் விழுந்தது. அவர் கற்பதை விட்டாரில்லை. தமது நூலைத் திருத்தினார். இன்னும் பல மண்டபங்களை ஆராய்ந்தார். 1997இல் டோக்கியோ ஒப்பெரா நகரில் 1,632 ஆசனங்கள் கொண்ட இசைமண்டபம் ஒன்று அவரது ஆலோசனையோடு திறக்கப்பட்டது. நீள்சதுரத் தரை, பிரமிட்டு வடிவக் கூரை, மேடைக்கு மேலே ஒரு தொங்கும் விதானம். இசைவாணர் அதைப் பெரிதும் மெச்சினர். திறப்பின்போது பெரனெக் 83 வயதை எட்டிக்கொண்டிருந்தார். முகிலைக் கைவிடாது, எங்கே எவ்வளவு என்பதை அவர் கற்றுக்கொண்டார் என்றே கொள்ளலாம். 2016இல், 102ஆம் வயதில் அவர் காலமானார்.

இக்கதை சங்கீத மண்டபம் கட்டும் செல்வர்க்கு மாத்திரம் உரியதன்று. ஆசிரியர்க்கே மிகவும் உரியது. அமெரிக்காவில் 2002இல் வகுத்த நியமமொன்று, 10,000 கன அடிக்குட்பட்ட வகுப்பறையில், பிள்ளைகள் இல்லாதபோதும் ஒலி 0.6 செக்கனுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. அறையின் உட்கூரையிலே நடுப்பகுதியைக் கடினமாக விட்டு ஆசிரியரின் குரலைப் பின்வரிசைக்குத் தெறிக்கச் செய்க. கூரையின் ஓரங்களிலும் பின்சுவரிலும் உறிஞ்சும் பலகைகளை வைக்க. பலகைக்கும் கூரைக்கும் இடையே வெளி விட்டால் தாழ்ந்த ஒலியும் நன்கு உறிஞ்சப்படும். ஒலியியலார் வழங்கும் பொதுவான அறிவுரை இதுவே.

ஒரே நீண்ட மண்டபத்தில் மூன்று வகுப்புக்களை நடத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பின்வாங்கிலே தலைகுனிந்திருக்கும் மாணவனை மந்தன் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவனுக்குப் பாடம் விளங்கவில்லையா, அன்றிச் சொல்லே போய்ச் சேரவில்லையா என்று கேட்டுப் பார்த்ததுண்டா? அடுத்த முறை வகுப்பிலே சற்றுநேரம் அவன் அருகில் அமர்ந்து, இன்னொருவர் வாசிக்கக் கேட்டுப் பாருங்கள். பிறகு அண்ணாந்து கூரையைப் பாருங்கள்.