கொடைக்கானல் ஏற்றம்: சைக்கிளில் ஒரு கலோரிக் கணக்கு

கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போனேன் என்று சொன்னால், "அவ்ளோ செங்குத்தா இருக்குமே, எப்படி மிதிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அந்தச் சாலை அவ்வளவு செங்குத்து இல்லை. ஆனாலும் ஆளைச் சாய்த்துவிடும். ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில், காட்ரோடு என்ற இடத்தில் ஏற்றம் ஆரம்பம். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையே ஏறத்தாழ 50 கி.மீ. அதாவது 100 மீட்டர் போனால் சராசரியாக மூன்றரை மீட்டர் உயர்கிறோம். சில மேம்பாலங்களே இதைவிடச் சரிவாக இருக்கும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏறவேண்டும். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. 1910-களில் முடிந்த லாஸ் காட் ரோடு சக்கர வண்டிகளுக்கானது. மலையின் உயரத்தைக் குறைக்க முடியாது. அதனால் தூரத்தை நீட்டிச் சரிவைக் குறைத்தார்கள். இத்தனை வளைவுகள் அதற்காகத்தான்.

இப்போது கணக்கு. நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ. அதை 1,750 மீட்டர் தூக்க ஏறக்குறைய 15 லட்சம் ஜூல் வேண்டும். டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்தால் 18 லட்சம். சாப்பாட்டில் இருந்து வரும் ஆற்றலில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் வெப்பம், வியர்வை. ஆக, உடம்புக்கு ஆகும் செலவு சுமார் 1,900 கிலோகலோரி.

நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட அதே அளவு! கொடைக்கானல் ஏற்றத்தின் சிக்கலே இதுதான். கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகமாக மிதித்தால் உடம்பு சர்க்கரையைத்தான் அதிகம் எடுக்கும். மொத்தச் செலவு பெரிதாக மாறாது. எந்தப் பையிலிருந்து போகிறது என்பதுதான் மாறும்.

அதனால் நான் மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவில்லை. இதற்கு 75 வாட் போதும். 12 கி.மீ. என்றால் 115 வாட் ஆகிவிடும். முன்னாலும் பின்னாலும் 28 பல் உள்ள கியரில், நிமிடத்துக்கு 65 சுற்று மிதித்தால் இந்த வேகம் வந்துவிடும். கியர் இல்லாத சைக்கிளில் இதே வேகத்துக்கு 26 சுற்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். முட்டி என்ன ஆகும்?

டம்டம் பாறையில் 297 மீட்டர் உயரத் தலையாறு அருவியைப் பார்க்க எல்லோரும் நிற்பார்கள். நான் அங்கேயே, பசி வருவதற்கு முன்பே, இரண்டு மலைவாழைப்பழம் சாப்பிட்டேன். பிறகு அரைமணிக்கு ஒரு முறை பழமோ கடலைமிட்டாயோ. பசித்த பிறகு சாப்பிட்டால் அது தசைக்குப் போய்ச் சேர நேரமாகும். ஊத்து தாண்டி, பழனிச் சாலை வந்து சேரும் பெருமாள்மலையில் கால் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசி 8 கி.மீ., வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பிறகு, மூச்சுதான் பிரச்சினை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே வேகத்தை இன்னும் குறைத்தேன்.

ஏறியதோடு கணக்கு முடியவில்லை. சேர்த்த 15 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்காவது போக வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்கில். ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். நான் இரவு மேலே தங்கி, காலை வெயில் வந்த பிறகுதான் கிளம்பினேன்.