பேர்தான் ரோஜா... குடும்பம் அரளி!

ஆபீஸ் நண்பர் ஒருவர். பிரம்மச்சாரி. ஃப்ளாட்டில் பேச்சுத் துணைக்கு ஜிம்மி என்று மூன்று மாத நாய்க்குட்டி. பால்கனி மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போனார். தொப்பை போட்ட ஹெட் கிளார்க் மாதிரி அடி பெருத்து, உச்சியில் ரோஸ் கலரில் பூத்திருந்த தொட்டிச் செடி ஒன்றைத் தூக்கி வந்தார்.

"பாலைவன ரோஜா சார். தண்ணிகூட ரொம்பக் கேக்காது."

"வீட்ல நாய் இருக்கு. பரவாயில்லையா?"

"ரோஜாதானே சார், என்ன பண்ணிடப் போவுது!"

மறுநாள் மாலை வீடு திரும்பினால், தரையில் கடித்துப் போட்ட கிளை. மூலையில் வாந்தி. ஜிம்மி எச்சில் வடியப் படுத்திருக்கிறது; வாலைக்கூட ஆட்டவில்லை. 'வெயில் சூடா இருக்கும்' என்று மோர் கரைக்கப் போனவரைத் தடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி.

"ஏம்ப்பா, பூவைப் பார்த்தா அரளி மாதிரி இல்ல இருக்கு!"

பாட்டனி படிக்காத பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடீனியம் என்கிற இந்தச் செடிக்கும் ரோஜாவுக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. அரளிக்குத்தான் ஒன்றுவிட்ட தம்பி! ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு முனையில் தடவிப் பெரிய மிருகங்களையே வேட்டையாடியிருக்கிறார்கள். ஜிம்மி எந்த மூலைக்கு?

இதயத் தசைகளில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற 'பம்ப்' ஒன்று உண்டு. இந்த விஷம் அதைத்தான் முடக்குகிறது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு நாடி தாறுமாறாகும்; இதயம் நின்றும் போகலாம். 'அதான் வாந்தி எடுத்துட்டானே, எல்லாம் வெளியே வந்திருக்கும்' என்று சும்மா இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

நண்பர் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். கடித்த கிளையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினார். அதைப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விஷத்தை உறிஞ்சும் கரி மருந்து, டிரிப்ஸ், ராத்திரி முழுக்க ஈ.சி.ஜி.

"உப்புத் தண்ணி ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"பிழைச்சான்! அந்த உப்பே நாய்க்கு விஷம்."

மூன்றாம் நாள் ஜிம்மி வீடு திரும்பியது.

அப்படியானால் நாய் வளர்ப்பவன் பூச்செடியே வைக்கக்கூடாதா? தாராளமாக வைக்கலாம். நிஜ ரோஜா, மல்லிகை, ஆர்க்கிட் எல்லாம் சாதுக்கள் (ரோஜா முள் நம்மையும்தான் குத்துகிறது). ஆந்தூரியம், பீஸ் லில்லி இரண்டும் நடுத்தரம். கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், பெரும்பாலும் உயிர் போகாது. அரளியும் அடீனியமும் மட்டும் வேண்டவே வேண்டாம். செடி சாதுவாக இருந்தாலும் உரத்தைக் கவனியுங்கள். ஆமணக்குப் பிண்ணாக்கை நாய் ஆசையாகத் தின்னும். அதில் இருக்கும் விஷம் அரளிக்கு இளைத்ததல்ல.

பாலைவன ரோஜாவை யார் தலையில் கட்டலாம் என்று நண்பர் ஆபீஸ் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் மசியவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டது கீழ் வீட்டுப் பாட்டிதான்.

"எங்கிட்ட நாயும் இல்ல... எனக்குக் கடிக்கப் பல்லும் இல்ல. இங்கே வெச்சுட்டுப் போ!"