பாட்டை வெறுத்தோரும் பாராட்டும் படம்

இசைப்படம் என்றதும் முகஞ் சுளிப்போர் எக்காலத்தும் உளர். அவர்கள் கூறும் குறை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இருவர் உரையாடிக்கொண்டிருக்கின்றனர், திடீரென ஒருவர் பாடத் தொடங்குகிறார், எங்கிருந்தோ வாத்தியங்கள் முழங்குகின்றன, பாட்டு முடியும்வரை கதை காத்து நிற்கிறது. வாழ்க்கையில் எவர் இவ்வாறு பாடுகின்றனர் என்பது அவர்களது வினா. நாமும் அக்கட்சியினரே, இன்றும் அதைவிட்டு நீங்கினோமில்லை. ஆயினும், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் டெமி 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘செர்பூர் நகரின் குடைகள்’ என்னும் படம் நம்மை முற்றாக ஆட்கொண்டது. அதன் காரணத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

இப்படத்தில் வெறும் பேச்சு என்பதே இல்லை. முதலிலிருந்து முடிவுவரை சொல் யாவும் பாட்டே. இசையமைத்தவர் மிஷெல் லெக்ரான். பாட்டு முழுவதும் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட, நடிகர் அதற்கியைய வாயசைத்து நடித்தனர். கதாநாயகியாகத் தோன்றும் கதரின் டெனேவுக்குக் குரல் கொடுத்தவர் டானியேல் லிகாரி என்னும் பாடகியாவார்.

இசைப்படத்தை வெறுப்போரை உறுத்துவது, பேச்சும் பாட்டும் ஒட்டுப்போடப்பட்ட அந்த இடமே. இங்கோ ஒட்டே கிடையாது. தொழிலாளி மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பாடுகிறான். கடைக்காரி தன் கடன் தொல்லையைப் பாடுகிறாள். சிறிது நேரத்தில் நம் செவி பழகிவிடுகிறது. தொடக்கக் காட்சியிலேயே ஒரு தொழிலாளி, தனக்கு ஒபெரா பிடிக்காதென்றும் சினிமாவே மேலென்றும் கூறுகிறான். அதனையும் பாடியே கூறுகிறான்! நாம் சொல்ல நினைத்த குறையை இயக்குநர் முந்திக்கொண்டு சொல்லி நகைக்கிறார்.

கதை மிக எளியது. பிரான்சின் வடகரைத் துறைமுகமாகிய செர்பூரில் மோட்டார் திருத்தும் இளைஞன் ஒருவனும், குடைக்கடைக்காரியின் மகளும் காதலிக்கின்றனர். காலமோ 1957. அல்ஜீரியப் போருக்கு இளைஞரைக் கட்டாயமாக அனுப்பிய காலம். இரண்டாண்டுச் சேவைக்கு அவனும் அழைக்கப்படுகிறான். அவன் சென்றபின், தான் தாய்மையுற்றிருப்பதை அவள் அறிகிறாள். கடிதங்கள் அருகுகின்றன. தாயோ கடனில் மூழ்கியிருக்கிறாள். பொன்னும் மணியும் விற்கும் செல்வர் ஒருவர், அவளது நிலையை அறிந்தும் மணக்க முன்வருகிறார். பிறக்கும் குழந்தையைத் தம் குழந்தையாகவே வளர்ப்பேன் என்கிறார். அவள் இசைகிறாள். காலிற் காயத்துடன் திரும்பும் இளைஞன் காண்பது கைமாறிய கடையையே.

இக்கதையில் கொடியவர் எவருமிலர். தாய் கூறும் புத்திமதியில் நியாயமுண்டு, மணந்தவர் பண்பாளர், மகளும் வஞ்சகியல்லள். பிரித்தவை போரும் காலமும் பணமுடையுமே. அப்போர் 1962இல் முடிந்து ஈராண்டுக்குள் இப்படம் வெளிவந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய எளிய வாழ்வுக்கு டெமி சூட்டிய வண்ணக்கோலமோ அரசரின் கதைக்கு ஏற்றது. சுவரெங்கும் பூக்கடதாசி, அதே நிறத்திற் கதாநாயகியின் ஆடை. நகரின் உண்மையான வீதிகளிலும் வர்ணம் தீட்டினர். காலப்போக்கிற் படச்சுருளின் நிறம் மங்கிற்று. நிறங்களைப் பிரித்துப் பதிந்த மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதிகளை டெமி பேணி வைத்திருந்தார். அவர் 1990இல் மறைந்தபின், அவர் மனைவியாரும் புகழ்பெற்ற இயக்குநருமாகிய அக்னெஸ் வர்தா அவற்றின் துணையால் பழைய நிறத்தை மீட்டுத் தந்தார்.

இறுதிக் காட்சி 1963 டிசம்பரில் நிகழ்கிறது. பனி பொழியும் நத்தார் இரவு. இளைஞன் இப்போது ஒரு பெற்றோல் நிலையத்தின் சொந்தக்காரன்; அன்புள்ள மனைவியும் மகனும் உடையவன். அங்கே ஒரு மோட்டார் வண்டி வந்து நிற்கிறது. ஓட்டிவந்தவள் பழைய காதலி. வண்டிக்குள் அவர்களுடைய மகள். காதலித்த நாளில் தம் குழந்தைக்கென்று இருவரும் எண்ணிவைத்த பெயரையே அவள் மகளுக்கு இட்டிருக்கிறாள். அவனும் அப்பெயரின் ஆண்பால் வடிவையே மகனுக்கு இட்டிருக்கிறான். பணியாள் வந்து எத்தரப் பெற்றோல் வேண்டும் என்று கேட்கிறான், அவ்வினாவும் பாட்டே. மகளைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்க, அவன் மறுத்துவிடுகிறான். சுகம் விசாரித்துப் பிரிகின்றனர். முன்னர் புகையிரத நிலையப் பிரிவின்போது கேட்ட இசையே இப்போது பெருக்கெடுத்து ஒலிக்கிறது. வாயால் அவர்கள் கூறாத யாவற்றையும் அது கூறிவிடுகிறது. இவ்விடத்தில், மனிதர் ஏன் பாடவேண்டும் என்று எவருங் கேளார்.

கான் திரைப்பட விழாவில் 1964இன் முதற் பரிசு இப்படத்துக்கே கிடைத்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடுவது. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்திருந்து பார்க்கத்தக்கது. பார்த்து முடிந்ததும், அத்தாய் கூறிய புத்திமதி சரியா, பிழையா என்று வீட்டிலே பேசிப் பாருங்கள். எளிதில் முடிவு காணமாட்டீர்கள்.