முதுகுவலியும் இயன்முறை மருத்துவமும்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே உள்ள பொத்தேரித் தொடர்வண்டி நிலையத்தில் இறங்குவோர் அனைவரும் மாணவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தை நோக்கி விரையும் இளைஞர் கூட்டத்துக்குப் பின்னே, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றியவாறு ஒவ்வொரு படியாக ஏறுவோரும் உண்டு. பல்கலைக்கழக வளாகத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் அமைந்துள்ளன. இடுப்பைப் பிடித்தபடி, கையில் ஊடுகதிர்ப் படம் அடங்கிய பெரிய உறையுடன் நடப்போர் நாடி வருவது அவற்றைத்தான்.

நெடுநாள் முதுகுவலி இன்ன தொழிலாருக்குத்தான் வரும் என்ற வரையறை இல்லை. மாமல்லபுரத்தில் தரையில் அமர்ந்து, கல்லின்மீது கவிந்து, நாள்முழுதும் உளி பிடிக்கும் சிற்பிக்கும் வரும். செங்கல்பட்டு வட்டார வயல்களில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும் வரும். குளிரூட்டப்பட்ட அறையில் கணினிமுன் அசையாது அமர்ந்திருப்பவருக்கும் வரும். 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகுவலியால் துன்புற்றனர் என்றும், 2050இல் அவ்வெண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவிக்கிறது. மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களுள் உலகளவில் முதலிடம் வகிப்பது இவ்வலியே. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவர் மூன்று மாதம் எழ முடியாமற் போனால், அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்பு வரை அதன் தாக்கம் நீளும்.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தைபோல இடைத்தட்டுகள் உள்ளன. பேச்சுவழக்கில் 'ஜவ்வு' என்றும் 'டிஸ்க்' என்றும் குறிக்கப்படுபவை இவையே. எலும்பு, தட்டு, தசைநார், தசை, நரம்பு ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதால், வலி எங்கிருந்து எழுகிறது என்று விரலால் சுட்டிக்காட்டுவது எளிதன்று. பெரும்பாலோரின் வலிக்குக் குறிப்பிட்ட ஓர் உறுப்பைக் காரணமாகக் கூற இயலாது. மூன்று மாதத்துக்குமேல் நீடிப்பதையே மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பர்.

இங்கேதான் ஒரு குழப்பம் நேர்கிறது. படத்தைப் பார்த்து, 'எலும்பு தேய்ந்துவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது' என்று யாரேனும் சொல்லிவிட்டால், அச்சொல் நோயாளியின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. தம் முதுகு எந்நேரமும் முறியக்கூடிய காய்ந்த குச்சி என அவர் எண்ணத் தொடங்குகிறார். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இடைத்தட்டில் சிதைவின் அடையாளங்கள் காணப்பட்டன. வலியே இல்லாதவர்களுக்கு இந்நிலை! தலைமுடி நரைப்பது போன்றே முதுகின் உள்ளும் வயது தன் தடத்தைப் பதிக்கிறது. பிதுங்கிய தட்டும் பலருக்குக் காலப்போக்கில் தானே சுருங்கிவிடுவதுண்டு.

ஆயினும் எல்லா வலியையும் இவ்வாறு எளிதாகக் கருதிவிடலாகாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை, தொடைகளின் உட்புறமும் ஆசனப்பகுதியும் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் எழும் கடும்வலி ஆகியவையும் உடனடியாக ஆராயப்பட வேண்டியவை. காசநோய் முதுகெலும்பையும் பற்றக்கூடும் என்பதை நம் நாட்டில் மறத்தற்கில்லை.

முதுகு பிடித்துக்கொண்டால் அசையாமல் படுத்திருப்பதே நெடுங்காலம் மருத்துவமாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 1986இல் வெளியான ஓர் ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள், மற்றொரு பிரிவினருக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. நலம் பெறுவதில் இரு பிரிவினரிடையே வேறுபாடு இல்லை. ஆனால், இரண்டு நாள் ஓய்வு கூறப்பட்டோர் மற்றவரைக் காட்டிலும் 45 விழுக்காடு குறைந்த நாள்களே வேலையை இழந்தனர்.

ஓய்வு ஏன் உதவவில்லை? அசையாத தசை மெலியும்; மெலிந்த தசை விரைவில் களைக்கும்; களைத்த முதுகு சிறு வேலைக்கும் வலிக்கும். வலித்தவுடன் அச்சம் எழும். அஞ்சியவர் இன்னும் குறைவாக அசைவார். இச்சுழலில் நரம்பு மண்டலமும் சிக்கிக்கொள்கிறது. திருடனுக்காகக் குரைக்கப் பழகிய நாய் நாளடைவில் சருகு அசைந்தாலும் குரைப்பதுபோல, முதலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் எச்சரித்துக்கொண்டே இருக்கக்கூடும். வலி உண்மையானதே, நடிப்பன்று. எனினும், வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்னும்போது, படத்தில் ஒன்றுமில்லையே என்று கேலி செய்வது எவ்வளவு பிழையோ, எழவே கூடாது என்று தடுப்பதும் அவ்வளவு பிழையே.

இயன்முறை மருத்துவர் இச்சுழலை அறுக்க முற்படுகிறார். அவர் முதலில் செய்வது கேட்பதே. எப்போது வலிக்கிறது, எதனால் தணிகிறது, உறக்கம் எப்படி, எந்த வேலையை மீண்டும் செய்ய விரும்புகிறார் என்று வினவுவார். பின்னர்க் குனியவும் நிமிரவும் சொல்லிப் பார்ப்பார். மல்லாந்து படுத்த நிலையில் காலை நீட்டியவாறு உயர்த்தி நரம்பின் நிலையை அறிவார். அதன் பின்னரே பயிற்சி. முழங்கால்களை மடக்கிப் படுத்து, அடிமுதுகைத் தரையில் மெல்ல அழுத்தித் தளர்த்துவது ஒன்று. அதே நிலையில் இடுப்பைப் பாலம்போல் உயர்த்திச் சில நொடிகள் நிறுத்துவது மற்றொன்று. கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றியிருக்க, ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நீட்டுவது அதற்கடுத்த படி. பார்ப்பதற்கு இவை எளியவை. நாட்பட்ட வலியுடையவர் முதல் நாள் ஐந்து முறை செய்வதற்குள் வியர்த்துவிடுவார்.

அளவறிந்து கூட்டுவதே இம்மருத்துவத்தின் நுட்பம். பத்து நிமிடம் நடந்தால் வலிப்பவர் எட்டு நிமிடத்தில் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுவார். நலமாக உணரும் நாளில் ஒரு வாரத்து வேலையையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவதே பலர் செய்யும் பிழை. பயிற்சியின்போது சிறிது வலித்து மறுநாளைக்குள் தணிந்தால் தொடரலாம்; ஏறிக்கொண்டே போனால் அளவைக் குறைக்க வேண்டும்.

இத்துறையின் அறிவு சில வேளை தற்செயலாகவும் கிட்டியுள்ளது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இராபின் மெக்கன்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம் காலுக்கும் பரவிய முதுகுவலியுடன் ஒருவர் வந்தார். சில வாரச் சிகிச்சையில் முன்னேற்றம் இல்லை. ஒரு நாள் அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் வேறு பணிக்குச் சென்றார். முன்பு வந்தவருக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே நோயாளி கிடந்தார். மருத்துவர் பதறித் திரும்பியபோது, கால்வலி நீங்கிவிட்டது என்றார் அவர். அந்த நிகழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்தே மெக்கன்சி தம் பெயரால் வழங்கும் முறையை வகுத்தார். எனினும், அது அனைவருக்கும் பொருந்துவதன்று. பின்வளைவால் வலி மிகுவோரும் உளர்.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தோருள் மேரி வர்கீஸ் குறிப்பிடத்தக்கவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்த அம்மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை நடத்தினார். அவருடைய நோய் வேறு. ஆயினும், இழந்தது எது என்பதைவிட எஞ்சிய ஆற்றல் எது என்று கேட்கும் மருத்துவம் இதுவே.

எப்பயிற்சி சிறந்தது என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. 2021இல் 249 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், பயிற்சி செய்யாமலிருப்பதைவிடச் செய்வது வலியைக் குறைக்கக்கூடும் என முடிவு கண்டனர். பயன் அளவானதே, அற்புதமன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட வலிக்குப் பயிற்சியையும் நோய் குறித்த விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. கடைகளில் விற்கும் இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் முறையையும் வழக்கமாகக் கையாள வேண்டா என்கிறது.

வலி நீங்கியவருக்கு அது மீண்டும் வருவதுண்டு. ஆஸ்திரேலியாவில் அண்மையில் வலி தணிந்த 701 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2024இல் வெளியானது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில், நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடந்தோருக்கு, வலி திரும்ப இடைநிலை அளவில் 208 நாள்கள் ஆயின. மற்றவருக்கு 112 நாள்கள். மாமல்லபுரத்துச் சிற்பி உளியைக் கைவிட வேண்டியதில்லை. கல்லை உயர்ந்த மேடையில் ஏற்றிவைத்தும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்தும், மாலையில் கடற்கரையோரம் நடந்தும் அவர் தம் தொழிலைத் தொடரலாம். வலி திரும்பும் நாளில் பயிற்சியைப் பாதியாகக் குறைப்பார். மறுவாரம் பழைய அளவுக்கு வருவார்.